கதையால் எழுத்தறிவித்தவர்

நம் சங்க மலரில் காசியைப் பற்றி எழுதுவோர் கங்கையை எழுதுவர். அனுமன் கட்டத்தை எழுதுவர். பாரதியார் இங்கு வாழ்ந்ததை எழுதுவர். பாரதியார் காசிக்கு வந்த அதே 1898-ஆம் ஆண்டில் இந்நகரில் தோன்றிய ஓர் அச்சகத்தைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன். அதன் பெயர் லஹரி அச்சகம்; லஹரி என்றால் அலை. அதைத் தோற்றுவித்தவர் பாபு தேவகி நந்தன் கத்ரி. மாயமும் மர்மமும் நிறைந்த நாவல்களைத் தாமே எழுதித் தம் அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டவர் அவர்.

தேவகி நந்தன் 1861-இல் பீகாரைச் சேர்ந்த பூசா என்னும் ஊரில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் லாலா ஈசுவரதாசர். பஞ்சாபிலிருந்து வந்து காசியில் குடியேறிய குடும்பம் அது. இளமையில் அவருக்குக் கிடைத்த கல்வி உருதுவும் பாரசீகமும். இந்தியையும் வடமொழியையும் பின்னர்க் காசியில் கற்றார். இந்திக்கு எண்ணற்ற வாசகரைத் தேடித் தரப்போகும் ஒருவருக்கு இந்தி முதற்பாடமாக அமையவில்லை என்பது எண்ணத்தக்கது.

அவர் முதலில் செய்த தொழில்களுள் ஒன்று காட்டுக் குத்தகை. காசி மன்னரிடம் சக்கியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்தார். மரக் கணக்குப் பார்க்கப் போனவர் மலைகளையும் குகைகளையும் பாழடைந்த கோட்டைகளையும் பார்த்துக்கொண்டு திரிந்தார். குத்தகை ஒருநாள் கைவிட்டுப் போயிற்று. ஆனால் காடு அவரை விட்டுப் போகவில்லை. அந்தக் காட்டிலிருந்தே 'சந்திரகாந்தா' பிறந்தது. அதன் முதற்பகுதி 1888-இல் வெளிவந்தது.

நௌகட் இளவரசன் வீரேந்திரசிங், விஜயகட் இளவரசி சந்திரகாந்தாவைக் காதலிக்கிறான். குரூர்சிங் என்னும் கொடியவன் இடையே புகுகிறான். சுனார்க் கோட்டை மன்னனின் துணையை நாடுகிறான். இதன் பின்னர்க் கதையை நடத்துவோர் ஐயார்கள். பெயரைக் கேட்டு நம் ஊர் ஐயர்களை நினைத்துவிட வேண்டாம்! மாறுவேடத்தில் வல்ல ஒற்றர்களுக்கே அப்பெயர். அவர்கள் தோளில் ஒரு பை தொங்கும். மயக்கப் பொருளும், மயக்கம் தெளிவிக்கும் லக்லகா என்னும் மருந்தும் அதில் இருக்கும். அடுத்து வருவது திலிஸ்மம்: பண்டையோர் புதையலைக் காக்கக் கட்டிய மாயக் கோட்டை. பேசும் சிலைகளும் தாமே திறக்கும் கதவுகளும் அங்கு உண்டு. ஆயினும் அவை பேய்களின் வேலை அல்ல; விசைகளும் பொறிகளும் செய்யும் வேலை என்று விளக்குகிறார் ஆசிரியர். மந்திரத்தைக் காட்டிவிட்டு எந்திரத்தைத் திறந்து காட்டும் இந்த முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அக்காலத்து இந்தியில் நாவல் என்றால் பெரும்பாலும் வங்க மொழிபெயர்ப்புகளே. சொந்தக் கற்பனையில், எளிய பேச்சு நடையில் ஒருவர் எழுதியதும் மக்கள் மொய்த்துக்கொண்டனர். 'சந்திரகாந்தா' நான்கு பகுதிகளில் முடிந்தது. அதன் தொடர்ச்சியான 'சந்திரகாந்தா சந்ததி' 24 பகுதிகளாக வளர்ந்தது. ஒவ்வொரு பகுதியும் முடியாத முடிச்சுடன் நிற்கும். வாசகர் அடுத்த பகுதிக்குக் காத்திருப்பர். இத்தகைய தொடருக்குச் சொந்த அச்சகம் எத்துணை வலிமை! பிறர் அச்சகத்தின் வாயிலில் காத்திருக்க வேண்டியதில்லை. செல்வர் ஒருவரின் தயவை நாட வேண்டியதில்லை. மன்னர் தந்த குத்தகை நிலைக்கவில்லை. வாசகர் தந்த ஆதரவு நிலைத்தது. 1900-இல் மாதவப் பிரசாத மிசிரரைக் கொண்டு 'சுதர்சன்' என்னும் திங்களிதழையும் அவர் தொடங்கினார்.

அவர் காலத்தில் இந்தப் பகுதியின் நீதிமன்றங்களில் வழங்கியது பாரசீக எழுத்து. நாகரி எழுத்துக்கும் இடம் வேண்டுமென்று 1893-இல் காசியில் தோன்றிய நாகரி பிரசாரணி சபையார் பாடுபட்டனர். 1900-இல் அரசு இசைந்தது. அந்த ஆணைக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, உருது மட்டும் படித்திருந்த பலர் 'சந்திரகாந்தா'வைப் படிப்பதற்கென்றே நாகரி எழுத்தைக் கற்கத் தொடங்கினர். ஆணை எழுத்தை நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. கதை அதை வீட்டுக்குள் கொண்டு சென்றது.

இதை நான் நூலில் படித்து மட்டும் சொல்லவில்லை. இங்கு வந்த புதிதில் நாகரி எனக்குக் கடைப் பலகை எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பேன். 'சந்திரகாந்தா'வின் முதற்பகுதியையும் அப்படித்தான் தொடங்கினேன். தேஜ்சிங் என்னும் ஐயார் சிறைப்பட்ட இடம் வந்ததும் எழுத்தை மறந்தேன், கதைதான் தெரிந்தது. எந்தத் தேர்வும் எனக்குச் செய்யாததை ஓர் ஒற்றன் செய்தான்.

ஆயினும் புலவர் உலகம் அவருக்கு மனம் திறந்து இடம் தரவில்லை. நம் பல்கலைக் கழகத்து இந்திப் பேராசிரியராக விளங்கிய இராமசந்திர சுக்லர், 1929-இல் வெளிவந்த தம் இலக்கிய வரலாற்றில், இந்நாவல்களில் நிகழ்ச்சிகள் உண்டு, சுவையும் பாத்திரப் படைப்பும் இல்லை என்று கருதி, இவற்றை இலக்கிய வரிசையில் சேர்க்க மறுத்தார். அதே இடத்தில், இந்திக்கு இவரளவு வாசகரை உண்டாக்கியவர் வேறு எவருமிலர் என்றும் ஒப்புக்கொண்டார். முதல் தீர்ப்பை நான் மறுக்கவில்லை. இரண்டாம் தீர்ப்பே பெரிது என்கிறேன். படிப்பவரே இல்லாத மொழியில் உயர்ந்த இலக்கியம் யாருக்காக?

தேவகி நந்தன் 1913-இல் மறைந்தார். அப்போது 'பூத்நாத்' என்னும் நாவல் முடியாமல் நின்றது. மகனார் துர்காபிரசாத் கத்ரி அதை எழுதி முடித்தார். லஹரி அச்சகத்தையும் ஏற்று நடத்தினார். விஞ்ஞானக் கற்பனை கலந்த மர்ம நாவல்களைத் தாமும் எழுதினார். 1994-இல் 'சந்திரகாந்தா' தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது, எழுத்தறியாதார் வீடுகளிலும் அந்த ஐயார்கள் நுழைந்தனர்.

மொழியை வளர்க்க வேண்டும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். கட்டளையால் ஒரு மொழியைப் பாடமாக்கலாம். ஆசையால்தான் அதைப் பழக்கமாக்க முடியும். தமிழுக்கும் இது பொருந்தும். தமிழகத்துக்கு வெளியே வளரும் நம் வீட்டுச் சிறுவர்களுக்குத் தமிழ் எழுத்தை எப்படிக் கற்பிப்பது என்று கவலைப்படும் அன்பர்களே, அவர்கள் கையில் முதலில் ஒரு நல்ல மர்மக் கதையைக் கொடுங்கள். இலக்கணம் பின்னால் வரட்டும்.