தனிநாயக அடிகளாரும் பிறமொழிப் பயிற்சியும்

தமிழ் பயில்வார்க்கு ஸ்பானியம் போன்ற அயல்மொழிகள் எற்றுக்கு என வினவுவார் உளர். சேவியர் தனிநாயக அடிகளாரின் வாழ்க்கையே அவர்க்குத் தக்க விடையாகும்.

அடிகளார் ஈழநாட்டில், ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பொன்னில் 1913-ஆம் ஆண்டு பிறந்தார். உரோமாபுரியில் இறையியல் பயின்று குருவானார். ஐரோப்பிய மொழிகள் பல கைவந்தும், தாய்மொழிப் புலமை நிரம்பாமை அவர்தம் உள்ளத்தை வருத்திற்று. ஆகவே, முப்பது வயது கடந்தும் நாணாது, 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்து சங்க நூல்களைக் கற்றார்.

ஸ்பானியமும் போர்த்துக்கேயமும் அவர் கற்றது தமிழுக்கே ஆக்கமாயிற்று. புனித சவேரியார் நம் கடற்கரையைக் குறித்து வரைந்த மடல்கள் அம்மொழிகளிலேயே உள்ளன. எம் புதுக்கோட்டைச் சீமையின் ஆவூரிலும் பிற ஊர்களிலும் தொண்டாற்றிய இயேசு சபையாரின் ஏடுகளிற் பலவும் போர்த்துக்கேயத்திலேயே கிடக்கின்றன. 1554-இல் லிஸ்பனில் அச்சேறிய தமிழ் நூலோ, தமிழை உரோம எழுத்திலும் பொருளைப் போர்த்துக்கேயத்திலும் தாங்கி நிற்பது. தமிழ் மட்டும் அறிந்தார்க்கு இவையாவும் பூட்டிய பேழைகளே. அடிகளார் அந்நூலை ஆராய்ந்து உலகறியச் செய்தார். 1679-இல் வெளிவந்த புரொயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966-இல் மீண்டும் பதிப்பித்தார். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும் முன்னின்றார். 1980-இல் இறைவனடி சேர்ந்தார்.

நண்பர்களே! பேழைகள் இன்னும் பல உள. திறவுகோலைத் தேடுவது நம் கடனன்றோ?