தாமஸ் கிரகாமும் நீர் வடிக்கும் சவ்வும்

மழை வேண்டி வானம் பார்க்கும் திண்டுக்கல் சமவெளியில் நீரைப் பகையென்று கூறுவார் எவருமிலர். ஆயினும் இதயம் தளர்ந்தார்க்கு நீரே பகையாகின்றது. இரத்தத்தை உந்தும் ஆற்றல் இதயத்திற்குக் குன்றியவிடத்துச் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் வெளியேற்றாது உடலிலே தேக்குகின்றன. கால் வீங்கும், விரலால் அழுத்தினாற் குழி விழும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ள, நோயாளி படுக்கவும் இயலாது இரவெல்லாம் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுவார். சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளுக்கும் இவ்வீக்கம் அடங்காதபோது, இரத்தத்தை உடலுக்கு வெளியே கொணர்ந்து, ஒரு சவ்வின் வழியே மிகை நீரை வடித்துவிட்டு, மீண்டும் நரம்பிற் செலுத்தும் முறையொன்று இன்று உண்டு. அல்ட்ராபில்ட்ரேஷன் என்பது அதன் பெயர். அம்முறைக்கு வேரான சவ்வாராய்ச்சியைச் செய்தவர் தாமஸ் கிரகாம் என்னும் ஸ்காத்லாந்து இரசாயன அறிஞர். அவர் மருத்துவரல்லர்.

கிரகாம் 1805-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் செல்வம் மிக்க வணிகர். மகன் ஸ்காத்லாந்துத் திருச்சபையிற் குருவாதல் வேண்டும் என்பது அவர் உறுதி. 1819-இல், பதினான்கு வயது நிரம்பு முன்னரே, பல்கலைக்கழகம் புகுந்த மைந்தரோ தாமஸ் தாம்சன் என்னும் பேராசிரியரிடம் இரசாயனப் பாடம் கேட்டு அதிலே உள்ளம் தோய்ந்தார். தந்தையார் சினந்து பொருளுதவியை நிறுத்தினார். அவரைக் கன்னெஞ்சர் என்று கூறிவிடுதல் எளிது. இறைபணியினும் உயர்ந்த பணி வேறில்லை என்றிருந்த ஒருவர்க்குக் குடுவையும் திராவகமும் வீண் விளையாட்டாகவே தோன்றியிருக்கும். எடின்பரோ நகரிற் கல்வியைத் தொடர்ந்த காலத்து அன்னையாரும் உடன்பிறந்தாளுமே கிரகாமுக்குத் துணை நின்றனர். எழுத்துப் பணியால் முதன்முதல் ஈட்டிய ஆறு பவுனை அவர் அவ்விருவர்க்கும் பரிசில் வாங்குவதிலே செலவிட்டார்.

பின்னர் உயர்வு விரைந்து வந்தது. 1830-இல் கிளாஸ்கோ ஆண்டர்சன் கல்லூரியிற் பேராசிரியரானார். வாயுக்கள் பரவும் விரைவிற்கும் அவற்றின் அடர்த்திக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் அவருடைய விதியை நம் வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் நண்பர்கள் நன்கறிவர். 1837-இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குச் சென்றார். 1841-இல் இரசாயனச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1855-இல், முன்பு நியூட்டன் வகித்த நாணயச்சாலைத் தலைமை அவரை அடைந்தது.

பதவிச் சுமை அவர் ஆராய்ச்சியை விழுங்கிவிடவில்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடுவோர் பச்சைத் தோலுக்கு உப்பிட, அது நீர் விடுதலைக் கண்டவர் நம்முள் பலர். சவ்வின் ஊடே நீர் இவ்வாறு இடம் பெயரும் இயல்பைக் கிரகாம் 1854-இல் ஆராய்ந்து வெளியிட்டார். 1861-இல் மேலும் ஒருபடி சென்றார். பறைக்குத் தோல் போர்ப்பதுபோல ஒரு வளையத்தின்மேல், கந்தகத் திராவகத்தில் தோய்த்துப் பக்குவம் செய்த தாளைப் போர்த்தினார். அதனுள் அரை லிட்டர் சிறுநீரை வார்த்துத் தெளிந்த நீரின்மேல் ஒரு நாள் முழுதும் மிதக்கவிட்டார். உப்புகளும் யூரியாவும் தாளைக் கடந்து வெளிநீரிற் சேர்ந்தன. அந்நீரை வற்றச் செய்து, எஞ்சியதினின்று யூரியாவைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். சிறுநீரகத்தின் கழிவு ஒரு தாளின் வழியே தானே வெளியேறிய காட்சி அது! பிசின் முதலியன மட்டும் தாளைக் கடக்கவில்லை. அவ்வினத்திற்குப் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் அவர் பெயர் படைத்தார். நம்மவர் அதனைக் கூழ்மம் என்றனர். கூழுண்டு வளர்ந்த நாட்டிற்குப் பொருத்தமான ஆக்கம் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

1869-ஆம் ஆண்டு செப்டம்பரில் கிரகாம் லண்டனிற் காலமானார். மூன்று ஆண்டுகட்குப் பின், தந்தையார் அவரைக் குருவாகக் காண விழைந்த அந்தக் கிளாஸ்கோவிலே அவருக்குச் சிலை நாட்டப்பெற்றது.

இரத்தத்தைச் சவ்வின்வழிச் செலுத்தும் முயற்சி அவர் மறைந்து நெடுங்காலம் கழித்தே தொடங்கிற்று. 1913-இல் அமெரிக்காவில் ஏபெல் என்பாரும் துணைவரும் நாய்களிடத்தும், 1924-இல் ஜெர்மனியில் ஹாஸ் மனிதரிடத்தும் அதனைச் செய்து பார்த்தனர். போர்க்காலத்து 1943-இல் ஹாலந்து மருத்துவர் கோல்ப், இறைச்சி அடைக்கும் செலோபேன் குழாயைக் கொண்டே செயற்கைச் சிறுநீரகம் அமைத்தார். எனினும் கிரகாமின் தாளில் தானே நகர்ந்தவை கரைந்த பொருள்கள். நீரை வடித்தற்கோ அழுத்தம் வேண்டும். ஸ்வீடனில் ஆல்வால் 1940-களில் அதற்கு வழி கண்டார். இக்காலக் கருவியில், மயிரிழையன்ன துளைக்குழல்களின் சுவரை அழுத்தத்தால் ஊடுருவி நீரும் உப்பும் வெளியேறும்; இரத்த அணுக்களும் புரதமும் உள்ளே தங்கும்.

இதய நோயாளர்க்கு இஃது எத்துணை உதவும் என்பதில் ஆராய்ச்சிகள் ஒருமுகமாக இல்லை. 200 பேரிடம் செய்து 2007-இல் வெளியான சோதனையில், இரண்டு நாளில் சவ்வு முறை சுமார் 5 கிலோவும் மருந்து 3 கிலோவும் எடை குறைத்தன. சவ்வு முறை பெற்றோர் மீண்டும் மருத்துவமனை புகுவதும் குறைந்தது. முன்னரே சிறுநீரகமும் நலிந்திருந்த 188 பேரிடம் செய்து 2012-இல் வெளியானதிலோ, எடை குறைவில் வேற்றுமையில்லை. மணிக்கு 200 மில்லிலிட்டர் வீதம் நீர் வடிக்கப்பெற்றோர்க்குச் சிறுநீரகம் மேலும் தளர்ந்தது. ஆதலின் மருத்துவர் முதலில் மருந்தையே படிப்படியாக உயர்த்திப் பார்க்கின்றனர். அதற்கும் வீக்கம் வற்றாதவிடத்தே சவ்வை நாடுகின்றனர்.