நிலத்தடியைப் படித்த கொல்லர் மகன்

நிலக்கரி எங்கே கிடைக்கும் என்று அறிவது பயன் தரும். எங்கே கிடைக்கவே கிடைக்காது என்று அறிவதோ பெருஞ்செலவைத் தடுக்கும். இந்த இரண்டையும் இங்கிலாந்துக்குக் கற்றுத்தந்தவர் வில்லியம் ஸ்மித். 1769-இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்து, எட்டு வயதில் தந்தையை இழந்த அவர், பல்கலைக்கழகம் எதிலும் பயின்றவரல்லர். பொருளியல் கற்பித்த எனக்கு, அறிவை உண்டாக்கியவருக்கு அதன் விலை ஏன் போய்ச் சேரவில்லை என்ற கேள்வியை எழுப்புவது அவர் வாழ்க்கை.

நில அளவையாளராகச் சாமர்செட் சென்ற ஸ்மித், ஹை லிட்டில்டனுக்கு அருகிலுள்ள மேர்ன்ஸ் சுரங்கத்தில் இறங்கினார். மணற்பாறை, களிப்பாறை, நிலக்கரி என அடுக்குகள் சுரங்கத்துக்குச் சுரங்கம் ஒரே வரிசையில் இருந்தன. கரியை ஒட்டிய களிப்பாறையில் பெரணி இலைகளின் பதிவுகள். ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் பாய்ந்த சதுப்புக் காடுகளில் படிந்தவை இவை என்பது பின்னாளில் கிடைத்த விளக்கம். சரிந்து கிடந்த அந்த அடுக்குகளின் தலையைச் சீவிவிட்டாற்போல, மேலே செந்நிறப் பாறை ஏறக்குறையக் கிடையாகப் படிந்திருந்தது. அது வறண்ட பாலைநிலத்தின் படிவு. சதுப்புக்கும் பாலைக்கும் இடைப்பட்ட பல கோடி ஆண்டுகளில் நிலம் மடிந்து, உயர்ந்து, அரிக்கப்பட்டிருந்தது. ஆகவே மேலே உள்ள செம்பாறையின் கிடையைப் பார்த்துக் கீழேயுள்ள கரியின் போக்கைக் கணிக்க முடியாது.

பின்னர் சாமர்செட் நிலக்கரிக் கால்வாய்க்கு அளவையாளரானார். ஒவ்வோர் அடுக்குக்கும் தனக்கே உரிய புதைபடிவங்கள் உண்டு என்பதைக் கால்வாய் வெட்டிய கரைகளில் அவர் உறுதிசெய்துகொண்டார். கறுத்த களியைக் கண்டதும் கீழே கரி இருக்கிறதென நம்பிப் பணத்தைக் குழியில் கொட்டியோர் அக்காலத்தில் பலர். அக்களியோ கரிப்பாறைகளுக்கு வெகுகாலம் பின்னர்க் கடலில் படிந்ததாக இருக்கும். அதிலுள்ள சிப்பிகளே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1799-இல் கால்வாய்ப் பணி பறிபோனது. வேலை தேடி நாடெங்கும் அலைந்தபடியே, 1815-இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்குமான நிலவியல் படத்தை 15 தாள்களில் வெளியிட்டார். ஒவ்வொரு படியும் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. அடுக்கின் அடிப்பகுதி அடர்நிறத்தில் இருக்கும். ஒரு தனிமனிதரின் உழைப்பு என்பதை நம்புவது கடினம்!

படம் விற்ற பணம் கடனை அடைக்கப் போதவில்லை. கற்சுரங்க முதலீடும் நட்டமடைந்தது. அதில் அவருடைய கணக்கும் பிசகியது என்றே நான் கருதுவேன். தம் புதைபடிவத் தொகுப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றும் பயனின்றி, 1819-இல் பத்து வாரங்களுக்கும் மேலாகக் கடனாளிச் சிறையில் இருந்தார். மறு ஆண்டே செல்வந்தர் கிரீனோவின் பெயரில் நிலவியல் கழகத்தின் படம் மலிவாக வெளிவந்தது. ஸ்மித்தின் படத்திலிருந்து அது எடுத்துக்கொண்டது ஏராளம். ஓர் அடுக்கின் வரிசையைக் கண்டறியப் பல்லாண்டுகள் ஆகும். பார்த்து வரைய ஒரு படி போதும்.

1831-இல் அதே கழகம் தன் முதல் வொல்லாஸ்டன் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அடுத்த ஆண்டு அரசு, ஆண்டுக்கு 100 பவுண்டு ஓய்வூதியம் வழங்கியது. 1839-இல் அவர் காலமானார். கிரீனோ படத்தின் 1865-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான், அதற்கு அடிப்படை ஸ்மித்தின் படம் என்று அச்சிடப்பட்டது.