யார் இந்த நான்சென்? 4 லட்சம் போர்க் கைதிகளை வீட்டுக்கு அனுப்பிய துருவப் பயணியின் கதை

1920-ம் ஆண்டு. எஸ்தோனியாவின் நார்வா நகரம். ரஷ்யாவிலிருந்து வரும் ரயில் அங்கே வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் ஜெர்மானியர்கள், ஆஸ்திரியர்கள், ஹங்கேரியர்கள். முதல் உலகப் போரில் பிடிபட்டு, ஐந்தாறு வருஷம் சைபீரியாவில் கிடந்தவர்கள். போர் முடிந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, இவர்கள் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.

இறங்கினவுடன் இவர்களைக் கப்பலில் ஏற்றிவிட மாட்டார்கள். முதலில் துணியைக் கழற்ற வேண்டும். துணி, கம்பளி எல்லாம் சூடு காட்டும் அறைக்குள் போகும். ஆள் வெந்நீரில் குளிக்க வேண்டும். அப்புறம் டாக்டர் பார்ப்பார், சாப்பாடு கிடைக்கும், பிறகுதான் கப்பல். காய்ச்சல் இருந்தால் அங்கேயே தங்க வேண்டியதுதான். ஊருக்குப் போகத் துடிக்கிறவனைப் பாதி வழியில் நிறுத்திக் குளிக்கச் சொல்வது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் இந்தக் குளியல் இல்லாமல் அவனை அனுப்பியிருந்தால், அவன் கூடவே வீட்டுக்கு ஒரு கொள்ளைநோயும் போயிருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்தவர் ஒரு டாக்டர் அல்ல. ராணுவத்துக்காரரும் அல்ல. ஃப்ரிட்யோஃப் நான்சென், நார்வே நாட்டின் துருவப் பயணி.

பனியிலிருந்து அரசியலுக்கு

நான்சென் 1861-ல், இன்று ஆஸ்லோ எனப்படும் தலைநகருக்குப் பக்கத்தில் பிறந்தார். படித்தது விலங்கியல். 21 வயதில் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அர்மவுர் ஹான்சென் வேலை பார்த்ததும் அதே ஊரில்தான். நான்சென் எழுதிய டாக்டர் பட்ட ஆய்வு நரம்பு மண்டலத்தைப் பற்றியது.

உலகம் அவரை அறிந்தது வேறு காரணத்துக்காக. 1888-ல் ஐந்து பேரோடு பனிச்சறுக்குக் கட்டையில் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்தார். 1893-ல் ஃப்ராம் என்ற கப்பலை வேண்டுமென்றே பனிக்கடலில் உறைய விட்டார், பனியே அதை வடதுருவத்தை நோக்கி இழுத்துப் போகும் என்ற நம்பிக்கையில். பிறகு கப்பலை விட்டு இறங்கி, ஒரே ஒரு துணையோடு நடந்து, அதுவரை யாரும் எட்டாத வடகோடியைத் தொட்டார். துருவத்தை எட்ட முடியவில்லை. திரும்பும் வழியில் இரண்டு பேரும் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு கல் குடிசையில் கிடந்தார்கள். மாற்றுத் துணி கிடையாது, சோப்பு கிடையாது. உடுப்பில் ஏறிய கொழுப்பைக் கத்தியால் சுரண்டி எடுத்தார்கள். அந்த நாட்களில் இருவரும் ஏங்கியது சுத்தமான துணிக்கும் வெந்நீர்க் குளியலுக்கும்தான். பின்னாளில் நார்வாவில் வெந்நீருக்கு வரிசையில் நின்றவர்களின் நிலைமை அவருக்குக் கேள்வி ஞானம் இல்லை.

1905-ல் நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்தபோது அரசியலுக்குள் வந்தார். லண்டனில் தூதராக இருந்தார். 1920 ஏப்ரலில், புதிதாகப் பிறந்திருந்த லீக் ஆஃப் நேஷன்ஸ் என்ற சர்வதேச சங்கம் அவரைக் கூப்பிட்டது. வேலை: ரஷ்யாவில் சிக்கிய கைதிகளை வெளியே கொண்டுவருவது, ஜெர்மனியில் சிக்கிய ரஷ்யக் கைதிகளைத் திருப்பி அனுப்புவது.

சிக்கல் எங்கே இருந்தது?

முதல் சிக்கல் அரசியல். மாஸ்கோவின் போல்ஷ்விக் அரசு லீக்கை அங்கீகரிக்கவில்லை. லீக்கின் பெரிய நாடுகள் போல்ஷ்விக் அரசை அங்கீகரிக்கவில்லை. இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளாது. லீக்கின் ஆளாக வந்தால் பேச மாட்டோம், கைதிகளின் நாடுகள் அனுப்பிய ஆளாக வந்தால் பேசலாம் என்று மாஸ்கோ ஒரு வழி வைத்தது. நான்சென் சரி என்றார். எந்தத் தொப்பி போட்டுக்கொண்டு பேசுகிறோம் என்பது அவருக்குப் பெரிசாகப் படவில்லை.

இரண்டாவது, பணமும் வண்டியும். எல்லை வரைக்கும் ரயில் விடுவது ரஷ்யாவின் பொறுப்பு. எல்லை முகாம்களைச் செஞ்சிலுவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். கப்பலுக்கு, போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து நேச நாடுகள் பறித்த கப்பல்களே உதவின. நார்வாவிலிருந்து ஸ்டெட்டின் துறைமுகத்துக்கு ஜெர்மானியர்களை ஏற்றிப்போன கப்பல், திரும்பும்போது ரஷ்யர்களை ஏற்றிவந்தது. காலியாக ஓடினால் காசு வீண், அவ்வளவுதான் கணக்கு. சைபீரியாவின் கிழக்கு மூலையில் இருந்தவர்கள் விளாடிவோஸ்டாக் வழியாக உலகத்தையே பாதி சுற்றி வந்தார்கள்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். பேன்.

டைஃபஸ் என்றால் என்ன?

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் டைஃபாய்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. டைஃபாய்டு சாப்பாடு, தண்ணீர் வழியாக வருவது. நம்ம ஊரில் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்கிறோமே, அது இதற்குத் தூரத்துச் சொந்தம். டைஃபஸைப் பரப்புவது தலைப்பேன் அல்ல, உடுப்பின் தையலில் ஒளிந்திருக்கும் சீலைப்பேன். 1909-ல் துனிஸ் நகரத்தில் சார்ல் நிக்கோல் இதைக் கண்டுபிடித்தார். காய்ச்சல் வந்தவனின் உடம்புச் சூடு ஏறினாலும், அவன் செத்து உடம்பு குளிர்ந்தாலும், பேன் அவனை விட்டுவிட்டுப் பக்கத்து ஆளைத் தேடிப் போகும். குளிருக்குக் கழற்றாத துணி, நெருக்கியடித்த ரயில் பெட்டி, அரைப்பட்டினி உடம்பு. பேனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ரஷ்ய உள்நாட்டுப் போர்க் காலத்தில் மட்டும் டைஃபஸில் சுமார் 30 லட்சம் பேர் செத்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. அன்றைக்கு நடைமுறையில் தடுப்பூசியும் இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. இருந்ததெல்லாம் வெந்நீர், சோப்பு, நீராவி.

அதனால்தான் கைதிகளை வீட்டுக்கு அனுப்புவது ரயில் டிக்கெட் சமாச்சாரமாக இல்லாமல் சுகாதாரச் சமாச்சாரமாக ஆனது. 1922 செப்டம்பரில் நான்சென் கணக்கை ஒப்படைத்தார்: 4,27,886 பேர் வீடு சேர்ந்திருந்தார்கள்.

ஆனால் கைதிகளுக்குப் பட்டியல் இருந்தது, ரயில் இருந்தது, காவல் இருந்தது. அகதிகளுக்கு இதில் ஒன்றும் கிடையாது. 1921 மார்ச்சில் போலந்தும் சோவியத் ரஷ்யாவும் ரீகாவில் சமாதானம் செய்துகொண்ட பிறகு, போரில் கிழக்கே விரட்டப்பட்ட குடும்பங்கள் போலந்துக்குத் திரும்பத் தொடங்கின. சில வருஷங்களில் மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேல். பரனோவிச்சி என்ற ரயில் சந்திப்பில் பெரிய தடுப்பு முகாம் போட்டார்கள். அங்கே வேலையை முன்னின்று நடத்தியவர்கள் போலந்து சுகாதாரத் துறையும், லீக்கின் தொற்றுநோய் ஆணையமும். லுட்விக் ராய்க்மன் என்ற போலந்து மருத்துவர்தான் அதற்கு மூளை. பின்னாளில் யுனிசெஃப் உருவாகக் காரணமானவரும் இவரே. 1922 மார்ச்சில் வார்சாவில் நடந்த சுகாதார மாநாட்டுக்கு ஜெர்மனியும் சோவியத் ரஷ்யாவும் வந்தன. இரண்டுமே அப்போது லீக்கில் உறுப்பினர் இல்லை. அரசியலுக்கு ஒரே மேசையில் உட்காராதவர்கள் பேனுக்காக உட்கார்ந்தார்கள்.

பஞ்சம் வந்தது

1921-ல் வால்கா நதிக்கரையில் பஞ்சம். எல்லையில் எவ்வளவு குளிப்பாட்டினாலும், உள்ளே பசியும் டைஃபஸும் ஒன்றாக இருந்தால் ரயில் ரயிலாக நோய் வந்துகொண்டேதான் இருக்கும். நான்சென் நிவாரணப் பொறுப்பை ஏற்றார். லீக்கிடம் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. போல்ஷ்விக்குகளுக்கு முட்டுக்கொடுக்கிறார் என்று பேச்சு வேறு. அவர் பஞ்சப் பகுதிக்கே போய்ப் படம் பிடித்து வந்து, ஊர் ஊராகக் காட்டிப் பணம் திரட்டினார். உண்மையில் பெரும்பகுதிச் சாப்பாடு போட்டது ஹூவர் தலைமையிலான அமெரிக்க நிவாரண அமைப்புதான். நான்செனின் அமைப்பு அதில் ஒரு பங்குதான், அதையும் சொல்லிவிட வேண்டும். பஞ்சப் பகுதிக்குப் போய்வந்த தொற்றுநோய் ஆணையத்தின் பிரிட்டிஷ் மருத்துவர் ரெஜினால்ட் ஃபாரர், 1921 டிசம்பரில் மாஸ்கோவில் டைஃபஸுக்கே பலியானார்.

1922-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தை ரஷ்யாவில் மாதிரிப் பண்ணைகளுக்கும் கிரேக்க அகதிகளுக்கும் கொடுத்துவிட்டார்.

எல்லோராலும் திரும்ப முடியுமா?

இந்த இடத்தில்தான் நான்செனின் கணக்கு தடுமாறுகிறது. கைதிக்கு வீடு எங்கே என்று தெரியும். 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா எரிந்தபோது கிரேக்கத்துக்கு ஓடிவந்தவர்களுக்கு வீடே இல்லை. திரும்பிப் போகவும் வழியில்லை. கிரேக்கத்திலிருந்து முஸ்லிம்களை அங்கே, துருக்கியிலிருந்து கிறிஸ்தவர்களை இங்கே என்று மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டத்துக்கு நான்சென் துணை நின்றார். 1923 ஜனவரியில் கையெழுத்தானது. துருக்கி மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்க மொழி மட்டுமே பேசிய முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டார்கள். யாரிடமும் விருப்பம் கேட்கவில்லை. வேறு வழி இல்லை, குளிர்காலம் வருகிறது என்பது அவர் தரப்பு வாதம். அப்படியே இருந்தாலும், அவர் வாழ்க்கையில் இது ஒரு கறைதான் என்று எனக்குப் படுகிறது.

முகாம்களில் அகதிகளுக்குப் பெரியம்மை, காலரா, டைஃபாய்டு தடுப்பூசிகள் போடப்பட்டன. தொற்றுநோய் ஆணையத்தின் அனுபவம் இங்கே கைகொடுத்தது. ஆனால் நிலம் கொடுத்துக் குடியேற்றிய மாசிடோனியாவின் சதுப்பு நிலங்களில் மலேரியா காத்திருந்தது. முகாமில் பிழைத்த பலர் அங்கே செத்தார்கள். எல்லையில் டாக்டர் இருந்தார், போய்ச் சேர்ந்த கிராமத்தில் இல்லை.

திரும்ப முடியாத ரஷ்ய அகதிகளுக்கு 1922-ல் அவர் கொண்டுவந்ததுதான் நான்சென் பாஸ்போர்ட். நாடில்லாதவருக்கும் ஒரு அடையாளத் தாள். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி வைத்திருந்ததும் இதைத்தான். பிறகு இதற்கு ஐந்து தங்க ஃபிராங்கு மதிப்பில் ஒரு ஸ்டாம்ப் வந்தது. அந்த வருமானம் அகதிகளின் நலனுக்கே போனது. அதாவது அரசுகள் கொடுக்காத பணத்தை அகதிகளே போட்டார்கள்.

1925-லிருந்து ஆர்மீனிய அகதிகளைச் சோவியத் ஆர்மீனியாவில் குடியேற்ற அலைந்தார். பாசனத் திட்டம்கூடத் தயாராக இருந்தது. கடன் கொடுக்க எந்த நாடும் முன்வரவில்லை. 1930 மே 13 அன்று, ஆஸ்லோவுக்கு வெளியே தன் வீட்டில் இறந்தார். அவர் பெயரில் லீக் தொடங்கிய அகதிகள் அலுவலகத்துக்கு 1938-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டின் கடைசி நாளோடு அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் யூதர்கள் ஓடிக்கொண்டிருந்த வருஷம் அது.