முதலில் அடுப்பு, பிறகுதான் சபை

தைப்பூசம் என்றாலே நமக்குப் பத்துமலைதான் ஞாபகத்துக்கு வரும். காவடி, பால்குடம், வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல். அதே நாளில் தமிழ்நாட்டில் வடலூரில், ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஒரு ஜோதியைக் காட்டுகிறார்கள். அந்தச் சபையைக் கட்டியவர் வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்க அடிகள்.

என்னோடு படிக்கும் நண்பன் ஒருமுறை கேட்டான், சாமியே கும்பிடாதவன்கூட நல்லவனாக இருக்கிறானே, அப்புறம் சமயம் எதுக்கு என்று. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் வள்ளலாரைப் படிக்க ஆரம்பித்தேன்.

1823 அக்டோபர் 5-இல் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இராமையா பிள்ளை இறந்துவிட்டார். சென்னையில் அவரை வளர்த்தவர் அண்ணன் சபாபதி பிள்ளை. அண்ணன் புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். தம்பியும் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். தம்பிக்கோ கந்தகோட்டத்து முருகன் சந்நிதிதான் பள்ளிக்கூடம்.

1854-இல் மனுமுறை கண்ட வாசகம் என்ற உரைநடை நூலை எழுதினார். கன்றை இழந்த பசுவுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதை அது. 1858-இல் சென்னையை விட்டுக் கிளம்பி, கருங்குழி என்ற சிற்றூரில் தங்கினார். 1865-இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1867 மே 23-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். ஊர் மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். சாதி, சமயம் பார்க்காமல் பசித்து வந்த எல்லாருக்கும் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞானசபையில் முதல் தைப்பூசம் நடந்தது 1872 ஜனவரி 25-இல்தான். அதாவது, அடுப்பு எரிய ஆரம்பித்து நாலரை வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

ஏன் இந்த வரிசை? ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில் அவர் சொல்லும் கருத்தைப் பார்த்தால் புரியும். உயிர்கள் எல்லாம் ஒரே இறைவனிடமிருந்து வந்தவை. அதனால் உடன்பிறப்புகள். ஓர் உயிர் துன்பப்படுவதைப் பார்த்து இன்னோர் உயிர் உருகுவது அந்த உறவால்தான். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அப்படியென்றால் சிலருக்கு ஏன் இரக்கம் வருவதில்லை? அவர்களுடைய அறிவுக்கண் மங்கிப்போயிருக்கிறது என்கிறார்.

பசித்தவன் அவன் கர்மாவை அனுபவிக்கிறான், நாம் ஏன் குறுக்கே போகணும் என்று நம்மிலும் சிலர் பேசுவதுண்டு. அதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது. குற்றவாளியைச் சிறையில் போட்ட அரசன்கூட அவனுக்குச் சோறு போடச் சொல்கிறான் அல்லவா? சோறு கொடுப்பது இறைவன் ஆணைக்கு விரோதம் ஆகாது.

சைவத்தில் ஊறி வளர்ந்தவர், கடைசிக் காலத்தில் சாதி, சமய வேறுபாடுகளையெல்லாம் விட்டு வெளியே வரச் சொன்னார். 1874 ஜனவரி 30-இல் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜோதியில் கலந்துவிட்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

இப்போது நண்பனுக்கு என்ன பதில் சொல்வேன்? நீ சொன்னது சரிதான், இரக்கம் எல்லார் மனசிலும் முன்பே இருக்கு. ஆனா அதுக்கு முன்னால சுயநலம், சோம்பல், சாதி என்று நிறையத் திரை தொங்குது. அதை விலக்கத்தான் சமயம். விலக்காத சமயத்தால் பிரயோஜனம் இல்லை.

எனக்கும் ஒரு திரை இருந்தது. தைப்பூசத்தன்று பந்தலில் நின்று ஆயிரம் பேருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். மாசக் கடைசியில் மெகி மட்டும் சாப்பிட்டுச் சமாளிக்கும் ரூம்மேட்டிடம், சாப்பிட்டியா என்று ஒரு வருஷமாகக் கேட்டதில்லை. போன வாரம்தான் கேட்டேன்.