பொதிகையில் காந்தமுள்

பொதிகை என்றதும் தமிழ்ப் புலவர் நெஞ்சில் எழுபவர் அகத்தியரே. அச்சிகரத்தில் ஐரோப்பியர் ஒருவர் காந்தமானிகளை ஏற்றி வைத்த வரலாறு, அம்மலைத்தொடரை நாள்தோறும் காணும் நாஞ்சில் நாட்டாரிடையேயும் அதிகம் பேசப்படுவதில்லை. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக விளங்கிய காலம் அது. அவர் பெயர் ஜான் ஆலன் பிரௌன்.

ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீசில் 1817இல் பிறந்த பிரௌன், எடின்பரோவில் கற்று, மேக்கர்ஸ்டவுன் காந்த ஆய்வகத்தை 1842 முதல் 1849 வரை நடத்தினார். சுவாதித் திருநாள் மகாராசா 1837இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகத்தின் பொறுப்பை 1852இல் ஏற்றார். காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ளமையால் அங்குக் காந்தமுள் ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும்.

ஞாயிறும் திங்களும் தத்தம் கால ஒழுங்கில் புவிக்காந்தத்தை அசைக்கின்றன. அவ்வசைவின் அளவு யாது, எவ்வளவு பிந்தி அது நிகழ்கிறது என்பதே அவர் ஆராய்ந்த வினா. ஒரு தாளத்துக்கு ஓர் அமைப்பு இவ்வாறு விடையிறுப்பதை இன்றைய பொறியியலார் அதிர்வெண் துலங்கல் என்பர். திங்கள் விளைக்கும் அசைவோ, பாகையின் அறுபதில் ஒரு கூறாகிய கலையினும் சிறிது. வெப்பம் ஏறினால் காந்தம் வலிமை குன்றும். ஈரம் பட்டால் பட்டுநூல் முறுக்கு மாறும். காந்தப் புயல் எழுந்தால் முள் தடுமாறும். இத்தனை இரைச்சலுக்கு நடுவே அம்மெல்லிய அசைவைப் பிரித்தெடுக்க வேண்டும்.

காந்தத்தைச் செயற்கையாகச் சூடாக்கிப் பெறும் வெப்பத் திருத்தத்தை அவர் நம்பவில்லை. அன்றாட அளவீடுகளிலிருந்தே அதனைக் கணித்தார். பிறகு, மணிக்கு மணி எடுத்த அளவுகளைத் திங்களின் நாளுக்கேற்ப, அதாவது 24 மணி 50 நிமிடச் சுற்றுக்கேற்ப, மீண்டும் அடுக்கிச் சராசரி கண்டார். பல மாதங்கள் சேரும்போது ஞாயிற்றின் பங்கு எல்லா மணிகளிலும் சமமாகப் பரவிக் கரைந்துவிடும். ஒன்றையொன்று சாராத தற்செயல் பிழையோ, நூறு அளவுகளின் சராசரியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும். சுசீந்திரத் தேரோட்ட ஆரவாரத்திலும் காலம் தவறாத ஒரு முழவைக் காது கண்டுகொள்வது இவ்வாறுதான்.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. காணும் அசைவு புவிக்கு உரியதா, அந்த இடத்துக்கும் கருவிக்கும் மட்டுமே உரியதா? அதற்காகவே 1855இல் ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அகத்தியர் மலையில் இரண்டாம் நிலையம் எழுந்தது. யானைக்கும் புலிக்கும் அஞ்சியும், குளிரிலும் மழையிலும் நடுங்கியும் உள்ளூர் உதவியாளர்கள் அங்கு முள்ளை நோக்கினர். பிரௌனின் புகழில் அவர்களுக்கும் பங்கு கொடுக்காத வரலாறு குறையுடையதே.

ஒரே வேளையில் எடுத்த அளவுகளை ஒப்பிட்டும், பிற நாட்டு நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்தும் அவர் உண்மைகள் சிலவற்றை நிறுவினார். காந்த வலிமையின் நாள்தோறுமான ஏற்ற இறக்கம் ஓரிடத்துக்கு உரியதன்று. உலகெங்கும் ஒருங்கே நிகழ்வது. அதில் ஏறத்தாழ 26 நாள் சுழற்சி ஒன்றுண்டு; அது ஞாயிற்றின் தற்சுழற்சியோடு தொடர்புடையது. திங்களின் தாக்கம் இரவினும் பகலில் மிகுதி.

அருங்காட்சியகம், பஞ்சாங்கம் எனத் திருவிதாங்கூருக்கு அவர் செய்த பிற பணிகளும் உள. 1865இல் நாடு நீங்கினார். திருவனந்தபுரம், அகத்தியர் மலை அளவீடுகளின் முதல் தொகுதி 1874இல் வெளிவந்தது. அரச கழகம் 1878இல் அரச பதக்கம் வழங்கியது. மறு ஆண்டு நவம்பரில், எஞ்சிய கணக்குகள் முடியுமுன்னரே, இலண்டனில் மறைந்தார்.