வளர்த்த தாய்: பேர்ள் பக் அம்மையார்

பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் மற்றொருத்தி என்பது நம் கதைமரபிற்குப் புதிதன்று. தேவகி பெற்ற கண்ணனை ஆய்ப்பாடியில் யசோதை வளர்த்தாள். குந்தி ஆற்றில் விட்ட கர்ணனைத் தேர்ப்பாகன் மனை ஏற்றது. ஆயினும், முகமும் நிறமும் மொழியும் வேறான ஒரு குழவியைக் கடல்கடந்து கொணர்ந்து, ஊரறியத் தன் மகவென ஏற்பது எளிதான செயலன்று. அமெரிக்காவில் அதற்கு வழிதிறந்தோருள் முன்னிற்பவர் பேர்ள் பக் அம்மையார். நோபெற் பரிசு பெற்ற நாவலாசிரியராக அவரை அறிந்தோர் பலர். அன்னையாக அறிந்தோர் சிலரே.

அம்மையார் 1892 ஆம் ஆண்டு யூன் 26 ஆந் திகதி மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள ஹில்ஸ்பரோவிற் பிறந்தார். பெற்றோர் சீனத்திற் சமயப்பணி புரிந்தவர். பிறந்து சில மாதங்களிலேயே அங்குக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தை, யாங்சி நதிக்கரையிலுள்ள செங்சியாங் நகரில் வளர்ந்தது. சீனச் செவிலியின் மடியிற் கதை கேட்டது. ஆங்கிலத்தோடு சீனத்தையுந் தன் மொழியாகவே பேசிற்று. எனினும், அயலாரை வெறுத்த பொக்சர் கிளர்ச்சி 1900 இல் மூண்டபோது அக்குடும்பம் சாங்காய்க்கு ஓட நேர்ந்தது. பின்னர் அமெரிக்கக் கல்லூரியிற் பயின்று 1914 இற் பட்டம் பெற்றபோதும், உடன் பயின்றோருக்கு அவர் வேற்றூரவராகவே தோன்றினார். இரு நாட்டிலும் ஒருபடி விலகி நிற்கும் பிள்ளையின் உள்ளம் எத்தகையது என்பதை அவர் நூலிற் கற்கவில்லை, வாழ்ந்தே அறிந்தார்.

1917 இல் வேளாண்மை அறிஞரான யோன் லொசிங் பக் என்பவரை மணந்தார். 1920 இற் பிறந்த மகள், பீனைல்கீற்றோனூரியா என்னும் பிறவிக் குறைபாட்டினால் அறிவு வளர்ச்சி குன்றினாள். அந்நோய் இன்னதென அக்காலத்து மருத்துவர் அறிந்திலர். மீண்டுந் தாயாகும் வாய்ப்பும் அம்மையாருக்கு இல்லாதொழிந்தது. அதன்பின் அமெரிக்கா சென்றிருந்தபோது ஆதரவற்ற ஒரு பெண்குழந்தையை மகவேற்று, நாங்கிங் நகரிலிருந்த தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். ஆகவே அவர் முதன்முதலிற் கடல்கடத்திக் கொணர்ந்த மகவு, அமெரிக்காவிலிருந்து சீனத்திற்கு வந்த குழந்தையாகும். 1927 இல் நாங்கிங்கிற் கலகம் எழுந்தபோது அக்குடும்பத்தினருக்குத் தன் குடிசையிற் புகலளித்தவள் ஓர் ஏழைச் சீனப் பெண். தன்னவரல்லாதாரை வீட்டினுள் ஏற்பதன் பெறுமதியை அம்மையார் அன்று மீண்டுங் கண்டார்.

மூத்த மகளை 1929 இல் நியூ ஜேர்சியிலுள்ள ஒரு பயிற்சியகத்தில் விட்டார். அவளது பராமரிப்பிற்குப் பொருள் வேண்டியிருந்ததும் அவரை எழுதத் தூண்டிய காரணங்களுள் ஒன்று. சீன உழவர் வாழ்வைச் சித்திரிக்கும் ‘த குட் எர்த்’ 1931 இல் வெளிவந்தது. மறு ஆண்டிற் புலிற்சர் பரிசையும், 1938 இல் அதன் ஆசிரியருக்கு நோபெற் பரிசையும் ஈட்டுதற்கு வழிகோலிற்று.

1935 இல் முதல் மணத்தினின்றும் நீங்கி, தம் நூல்களை வெளியிட்ட ரிச்சட் வோல்ஷ் என்பவரை மணந்து, பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீட்டிற் குடியேறினார். அங்கு மேலும் பல குழந்தைகளை மகவேற்றார். 1948 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், ஓர் ஆண்குழந்தைக்கு இல்லந் தேடி ஒரு நிறுவனம் அவரை நாடியது. பெற்றோருள் ஒருவர் இந்தியர், மற்றவர் அமெரிக்கர். குழந்தையின் இனத்தையுஞ் சமயத்தையும் ஒத்த பெற்றோரையே தேடுவது அக்கால நிறுவனங்களின் விதி. இரு இனங் கலந்த குழந்தைக்கு ஒத்த பெற்றோர் யாண்டுமிலர். குறை குழந்தையிடம் இல்லை, விதியிலேயே உள்ளது என அம்மையார் துணிந்தார். அக்குழந்தையைத் தம் வீட்டில் ஏற்றார். சின்னாளிற் சீனக் கலப்புடைய மற்றொரு குழந்தையும் வந்தது.

தமக்கோ வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. இளம் பெற்றோர் வேண்டுமென உணர்ந்து அயலாரிடஞ் சென்றார். எழுத்தாளர் ஜேம்ஸ் மிச்சனர், பாடலாசிரியர் ஒஸ்கார் ஹம்மர்ஸ்ரைன் ஆகியோர் துணைநிற்க, 1949 இல் ‘வெல்கம் ஹவுஸ்’ என்னும் வரவேற்பு இல்லம் உருவாயிற்று. குழந்தைகள் தங்கி வளரும் இல்லமாகத் தொடங்கிய அது, மகவேற்க விழையுங் குடும்பங்களைத் தேடிக்கொடுக்கும் நிறுவனமாக மாறியது. காலப்போக்கில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதன்வழி பெற்றோரை அடைந்தனர்.

அம்மையாரும் பிறர்க்குரைத்து ஒழிந்தாரல்லர். கறுப்பின அமெரிக்கப் போர்வீரருக்கு ஜேர்மனியில் ஒருத்தியும் யப்பானில் ஒருத்தியுமாகப் பிறந்த இரு பெண்களையும் தம் மக்களாக ஏற்றார். அவர் மகவேற்றோர் எழுவர். இத்தகைய பிள்ளை வாயிலைக் கடந்தவுடன் வீட்டுப்பிள்ளை ஆகிவிடுவதில்லை. உண்ட உணவும் கேட்ட மொழியும் பின்னே நின்றுவிட, புதிய முகங்களின் நடுவே அது தனித்து நிற்கும். அதனை மாற்ற முயலுமுன் வீடு தன்னை மாற்றிக்கொள்ளல் வேண்டும். தெருவும் பள்ளியும் உடன் மாறுதல் வேண்டும். அம்மையார் அயலாரைத் திரட்டியதன் பொருள் இதுவே.

எல்லாப் பிள்ளைகளையும் கடல்கடத்திக் கொணர்தல் இயலாது என்பதையும் அவர் கண்டார். ஆசிய நாடுகளில் அமெரிக்கப் போர்வீரர் விட்டுச்சென்ற பிள்ளைகளை அவ்வந்நாட்டிலேயே பேணுதற்கு 1964 இல் ஓர் அறநிறுவனம் அமைத்தார். அதன் பொறுப்பை நம்பி ஒப்படைத்தவர் 1969 இற் குற்றச்சாட்டுக்களிடையே பதவி துறந்தமை அவர் முதுமைக்கு நேர்ந்த துயரம். ஆயினும் நோக்கம் பழுதன்று. பிறந்த நாட்டிலேயே பிள்ளைக்குத் தக்க குடும்பங் கிடைக்குமோவென முதலில் ஆராய்தல் வேண்டுமென 1993 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் விதித்தது.

1972 இல், தம்மை வளர்த்த சீனத்தை மீண்டுங் காண விழைந்தார். சீன அரசு அனுமதி மறுத்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு வீட்டுக் கதவைத் திறந்தவருக்கு, இளமையில் வளர்ந்த வீட்டின் கதவு திறக்கவில்லை. 1973 மார்ச் 6 ஆந் திகதி, தமது எண்பதாம் வயதில் உயிர்நீத்தார். பென்சில்வேனியாப் பண்ணையில், அவரே வகுத்த கல்லறைக் கல்லில் ஆங்கிலத்திற் பெயரில்லை. சீன எழுத்துக்களே உள்ளன. பெற்ற நாட்டு மண்ணிற் கிடப்பினும், வளர்த்த நாட்டின் மொழியிலேயே அவர் தம் பெயரைப் பொறித்துச் சென்றார்.